ஆளில்லாச் சதுரம்

எங்கள் ஊர்க்காரன் ஒருவனிடம் அவன் மனைவியின் நகை வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டால்கூடச் சொல்லிவிடுவான். மீனை எங்கே பிடித்தாய் என்று கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டான். கேட்பவர் பங்குத்தந்தையாகவே இருந்தாலும் கையைப் பொதுவாகத் தெற்கே நீட்டி, "அங்கன வெளியதான் சாமி" என்பான். அந்த 'அங்கன'வுக்குள் கடல் முழுவதும் அடங்கும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த என்னைத்தான், யார் எங்கே மீன் பிடிக்கிறார்கள் என்று கேட்டு எழுதும் வேலைக்குப் பத்தொன்பது நாடுகள் சேர்ந்து தேர்ந்தெடுத்தன.

என் பெயர் பிலோமினா. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரோக்கியத்துறை என் ஊர். கடலியல் படித்தேன். பன்னாட்டுக் கடல் ஒப்பந்தத்தில் களப்பதிவாளர் என்பது என் பதவி. அப்போது மத்தி வரத்து நின்று பதினொரு வருடம் ஆகியிருந்தது. அயிலை வடக்கே போய்விட்டது. கடல் தண்ணீருக்குப் புளிப்பு ஏறி, சிப்பியின் ஓடு விரலால் அழுத்தினாலே நொறுங்கியது. அந்த நிலையில், எதிலும் ஒத்துப்போகாத பத்தொன்பது நாடுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்து நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை.

ஒப்பந்தப்படி கடலின் பாதி தொடக்கூடாத காப்பகம். இன்னொரு பங்கு மீனவருக்கும் கடற்பாசிப் பண்ணைகளுக்கும். மிச்சம் கல்மாவுக்கு. கல்மாவு என்றால் என்ன என்பதைப் பயிற்சியின் முதல் நாளன்று என் மேலதிகாரி ஷஹீமா சொன்னாள். அவள் மாலத்தீவுக்காரி. அவள் பிறந்த தீவு இப்போது பழைய வரைபடங்களில் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம்.

"ஒரு வகைக் கல்லை மாவாக அரைத்துக் கடலடியில் பரப்புவோம்" என்றாள். "அது கரையக் கரையக் காற்றிலுள்ள கரியைக் கடல் இழுத்து வைத்துக்கொள்ளும். தண்ணீரின் புளிப்பும் குறையும்."

"அடியில் இருக்கும் உயிர்கள்?"

"மூச்சுமுட்டிச் சாகும். அதனால்தான் உயிரில்லாத தரையாகத் தேடுகிறோம்."

உயிரில்லாத தரையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு இடமாகக் கப்பல் விட்டு அளந்தால் நாற்பது வருடம் ஆகும், அவ்வளவு நாள் நமக்கில்லை என்றாள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு பெட்டி கொடுப்பார்கள். வள்ளம் எங்கெங்கே நின்று தொழில் செய்கிறது என்பதைப் பெட்டி மூன்று வருடம் குறித்துவைக்கும். பிறகு மீனவரிடம் வாக்குமூலம் வாங்குவார்கள். பெட்டியும் வாயும் ஒத்துப்போனால், வரைபடத்தில் கட்டம் போட்ட அந்தக் கடல் சதுரத்தின் தலைவிதி முடிவாகிவிடும். மீன் இல்லாத இடத்துக்கு மீனவன் போக மாட்டான், ஆகவே அவன் போகாத இடம் வெறும் தரை.

"மீனவரின் அறிவுக்கு உலகத்தில் யாரும் இதுவரை இந்த மரியாதையைக் கொடுத்ததில்லை" என்றாள் ஷஹீமா.

உண்மைதான். எனக்கு அப்போது நெஞ்சு நிமிர்ந்தது. எங்கள் ஊரின் குணத்தைப் பற்றி அந்த இடத்திலேயே அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பெருமையில் மறந்துவிட்டேன்.

எங்கள் கடலில் மீன் இருப்பது பார்களில்தான். பார் என்றால் கடலுக்கடியில் உள்ள பாறைத்திட்டு. கோயில் கோபுரம் எந்த மலையின் எந்தத் தோளுக்கு நேராகத் தெரிகிறது, கிழக்கே எந்தத் தென்னந்தோப்பு எந்தக் குன்றை மறைக்கிறது என்று கரை அடையாளங்களைக் கோத்துப் பாரைக் கண்டுபிடிப்பார்கள். அதற்குக் கணியம் என்று பேர். இப்போது எல்லா வள்ளத்திலும் செயற்கைக்கோள் கருவி வந்துவிட்டது. ஆனால் ரகசியம் பழைய ரகசியம்தான். அப்பன் மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பான். மகளுக்குச் சொன்னால் அவள் அதைப் புகுந்த வீட்டுக்குச் சீதனத்தோடு கொண்டுபோய்விடுவாளாம். என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது அவருடைய மூக்கும் கோபமும். பார் அண்ணனுக்குப் போயிற்று.

அண்ணன் தார்சிஸுக்கு நாற்பத்தெட்டு வயது. ஊரில் அவரை மிஞ்சிய தூண்டில்காரர் இல்லை. மேல்தண்ணீர் மீன்கள் எல்லாம் ஒழிந்துபோன பிறகும் அவர் வள்ளம் வெறுமையாகக் கரை சேர்ந்ததில்லை. கலவாவும் விளமீனும் எப்படியும் கிடைத்துவிடும். அண்ணி, இரண்டு பெண்பிள்ளைகள், படுக்கையில் கிடக்கும் எங்கள் அம்மா, எல்லோருடைய சாப்பாடும் அந்த ஒரு பாரிலிருந்து வந்தது.

பெட்டிகள் கொடுத்து ஒரு வருடம் கழித்து, சோதனைக்காக ரோந்துப் படகில் போனேன். கரையிலிருந்து ஐந்து மைலில், மீன் என்ன, ஒரு நண்டுகூடத் தங்காத வெறும் மணல்பரப்பு ஒன்று உண்டு. அங்கே ஒரு தெர்மோகோல் கட்டை மிதந்துகொண்டிருந்தது. நங்கூரக்கல் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அதன் மேல் பாலித்தீனில் பத்திரமாகச் சுற்றிக் கட்டிய ஒப்பந்தப் பெட்டி. எண்ணைப் பார்த்தேன், அண்ணனுடையது. சுற்றிலும் பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை இன்னும் பல கட்டைகள் அசைந்துகொண்டிருந்தன. முதலில் சிரிப்பு வந்தது. திரும்பி வரும் வழியில்தான் பயம் வந்தது.

அன்று மத்தியானம் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போய்க் கேட்டேன்.

"அண்ணே, பெட்டியத் தெர்மோகோல்ல கெட்டி விட்டிருக்கிய."

"எல்லாவனுந்தான் கெட்டியிருக்கான்."

"நம்மளக் காக்கதுக்குத் தந்த பெட்டி அது. நீங்க நிக்காத எடத்துலதான் கல்மாவு போடுவாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

அண்ணன் கலவாத் துண்டிலிருந்து முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். பெட்டி குறிக்கிற இடத்தை யார் யார் பார்க்க முடியும் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். கடல் எல்லோருக்கும் பொது, ஆகவே பதிவேடும் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்பது ஒப்பந்தத்தின் முதல் விதி. கையில் போன் வைத்திருக்கும் எவனும் பார்க்கலாம்.

"அப்ப டன்ஸ்டனும் பாப்பான்" என்றார் அண்ணன்.

டன்ஸ்டன் அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே மதில். ஒருமுறை அண்ணனின் பாரைக் கண்டுபிடிக்க டன்ஸ்டன் பின்தொடர்ந்து வந்தபோது, அவனை உதறிவிட அண்ணன் இரண்டு நாள் ஒரு மீனும் பிடிக்காமல் நடுக்கடலில் சும்மா சுற்றினார். டன்ஸ்டனும் ஒரு மீனும் பிடிக்காமல் பின்னாலேயே சுற்றினான். டன்ஸ்டனுக்கு மட்டுமா, அண்ணியின் சொந்தத் தம்பி சூசை பீட்டருக்குக்கூட அண்ணன் சொன்னதில்லை. மச்சானும் மச்சானும் ஒரே பாயில் சீட்டாடுவார்கள். பாரைப் பற்றி மட்டும் பேச்சு வராது.

பெட்டியில் கைவைத்தால் தொழில் உரிமம் இரண்டு வருடத்துக்குப் போய்விடும். நான் பார்த்ததை எழுதிக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, எங்கள் ஊருக்கு மட்டும் மூடிய பதிவேடு வேண்டும் என்று தலைமைக்கு விண்ணப்பித்தேன். ஷஹீமா எனக்காகச் சண்டை போட்டாள். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. நூறு வருடமாகப் பெரிய கம்பெனிகளின் கப்பல்கள் கடலைக் கொள்ளையடித்தது இப்படிப்பட்ட மூடிய பதிவேடுகளின் நிழலில்தான், அந்தக் கதவை யாருக்காகவும் மறுபடி திறக்க முடியாது என்றார்கள். நியாயமான பதில். இந்த விவகாரத்தில் எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல் அதுதான். யாரைக் கேட்டாலும் நியாயமான பதில் வைத்திருந்தார்கள்.

மூன்று வருடம் முடிந்ததும் வாக்குமூலத்துக்கு அறுபத்திரண்டு வள்ளக்காரர்கள் பங்குக் கூடத்துக்கு வந்தார்கள். எங்கள் ஊர்ப் பேச்சு புரிகிற இயந்திரத்தின் முன்னால் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அந்த மணல்பரப்பைத்தான் அத்தனை பேரும் சொன்னார்கள். அங்கே விளமீன் கூட்டம் கூட்டமாக மேயும் என்று ஒருவன் அளந்ததைக் கேட்டு எனக்கே ஒரு நிமிடம் ஆசை வந்துவிட்டது. பெட்டியும் வாயும் இத்தனை ஒத்துப்போன கிராமம் பத்தொன்பது நாட்டிலும் இல்லையென்று தலைமை பாராட்டியது. அந்த மணல் ஆரோக்கியத்துறை மக்களின் பரம்பரை மீன்பிடித்தலம் என்று அறிவித்து, என்றென்றைக்கும் வேறு யாரும் தீண்டக்கூடாது என்று சான்றிதழ் அனுப்பினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினோம்.

அடுத்த மாதமே கல்மாவுச் சதுரங்களின் பட்டியல் வந்தது. எங்கள் கடலில் ஒன்று இருந்தது. எண் 4417, கரையிலிருந்து பதினொரு மைல், இரண்டு மைலுக்கு இரண்டு மைல். பயன்படுத்துவோர் யாரும் இல்லை. ஆட்சேபம் சொல்ல முப்பது நாள்.

அறிவிப்புப் பலகையில் அண்ணன் அதை வாசித்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார். வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை என்று அண்ணி சொன்னாள். நான் ஓடினேன். அண்ணே, நம்ம பாரு அதுக்குள்ளயா என்று கேட்டேன். எந்தப் பாரு என்று கேட்டார்.

அந்த முப்பது நாளும் வீடு வீடாக ஏறினேன். ஒரே ஒருவர் ஆட்சேபம் எழுதினால் போதும், சதுரத்தை ஒரு வருடம் நிறுத்திவைத்து அளவைக் கப்பல் அனுப்பிப் பார்ப்பார்கள் என்று தொண்டை வறளச் சொன்னேன். டன்ஸ்டன், தனக்கு அந்தப் பக்கம் என்ன வேலை என்றான். சூசை பீட்டர் சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்தான். யாரும் எழுதவில்லை. எழுதுகிறவன் பாரை ஊருக்கே காட்டிக்கொடுத்தவன் ஆவான். அதோடு, துறைமுகம் வரும், பாலம் வரும், அலைத்தடுப்புச் சுவர் வரும் என்று அரசாங்கங்கள் சொல்லிப்போன எதுவும் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. இதுவும் வராது என்று நம்பினார்கள். பத்தொன்பது நாடுகள் மட்டும் சொன்ன தேதியில் சொன்ன மணிக்கு வந்து நின்றன.

கல்மாவுக் கப்பலுக்குப் பேர் கிடையாது, எண் மட்டும்தான். எங்கள் ஊர்க் கடற்கரை அளவுக்கு நீளம், வேலை செய்ய ஏழே பேர். ஷஹீமா பொறுப்பாளர். உள்ளூர்ப் பார்வையாளராக நான் ஏறியிருந்தேன். சதுரத்துக்குள் வள்ளம் எதுவும் நின்றால் கப்பல் நின்றுவிட வேண்டும், பார்வையாளர் அவர்கள் மொழியில் கேட்க வேண்டும், ஒருவர் ஆமென்றாலும் திரும்பிவிட வேண்டும் என்பது விதி. பெட்டிகளின்படி அன்று சதுரத்தில் யாரும் இல்லை. எல்லா வள்ளமும் மணல்பரப்பில் தொழில் செய்துகொண்டிருப்பதாகத் திரை காட்டியது.

காலை பத்து மணி இருக்கும். வடகிழக்கிலிருந்து ஒரு வள்ளம் வேகமாக வந்தது. நீலச் சாயமும் முன்முனையான அணியத்தில் ஒட்டுப்போட்ட இடமும் தெரிந்ததும் அண்ணன் என்று தெரிந்துகொண்டேன். எனக்கு உயிர் திரும்பி வந்தது. கடைசி நேரத்திலாவது புத்தி வந்ததே, சொல்லிவிடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் மேற்கிலிருந்து இன்னொன்று வந்தது, அது டன்ஸ்டன். ஆழ்கடலிலிருந்து திரும்புகிறவனைப் போலத் தெற்கே சுற்றிக்கொண்டு மூன்றாவதாக சூசை பீட்டரும் வந்தான்.

நாலு சதுர மைல் கடலில் அந்த மூன்று வள்ளங்களும் வந்து மோட்டாரை நிறுத்தியது ஒரே இடத்தில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கயிறு வீசினால் எட்டும்.

தூரநோக்கியை எடுத்து அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் கப்பலைப் பார்க்கவில்லை. டன்ஸ்டனைப் பார்த்தார், பிறகு மச்சானைப் பார்த்தார். அவர்கள் இருவரும் அவரைப் பார்த்தார்கள். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று வீட்டுக்கும் ஒரே பார். மூன்று அப்பன்மார் மூன்று மகன்களுக்கு மட்டும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்த ஒரே பாறை. ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வெவ்வேறு நாழிகையில் வந்து, இத்தனை வருடமும் அது தன்னுடையது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

வயர்லெஸ்ஸை எடுத்தேன்.

"இது நீங்க தொழில் செய்யுத எடமா? ஒருத்தர் ஆமான்னு சொன்னாப் போதும். கப்பல் திரும்பிரும்."

சூசை பீட்டர்தான் முதலில் பேசினான். மோட்டார் சூடாகிவிட்டதாம், ஆற வைத்துக்கொண்டிருக்கிறானாம். டன்ஸ்டன், இவ்வளவு பெரிய கப்பலைப் பார்த்ததில்லை, பார்க்க வந்தேன் என்றான். அண்ணன் பக்கமிருந்து இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அண்ணே. சொல்லுங்க."

"வழி மாறி வந்துட்டேன் மக்கா" என்றார்.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஷஹீமா கேட்டாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் தீவில் பிறந்தவள், முட்டாள் இல்லை. மூன்று வள்ளங்களையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மூன்று பேரும் ஒரே இடத்துக்கு வழி மாறி வந்தார்களா?"

நான் தூரநோக்கியை உறையில் போட்டு மூடினேன்.

"பிலோமினா, பார்வையாளருக்குச் சந்தேகம் இருந்தால் அதையே பதியலாம். காரணம் எழுதத் தேவையில்லை. நீ ஒரு வார்த்தை சொல், நிறுத்திவிடுகிறேன்."

இன்னொரு முறையும் கேட்டாள். பதிய ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

வள்ளங்களை விலகச் சொன்னார்கள். மூன்றும் மூன்று திசையில் விலகிப் போயின. குழாயை இறக்கினார்கள். தண்ணீர் முதலில் வெளுத்தது, பிறகு சாம்பல் நிறமாகக் குழம்பியது. வேலை ஒழுங்காக நடந்தது, நின்று நிதானித்து, ஒரு மூலை விடாமல் இறைத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் மீன்கள் மிதந்து வந்தன. ஆளின் இடுப்பு உயரத்துக்கு இருந்த கலவாக்கள், வாய் வழியாகக் குடல் பிதுங்கி, செவுள் முழுக்க மாவு அப்பி, வயிறு மேலே பார்க்கக் கிடந்தன. அவ்வளவு பெரிய கலவாவை நான் பார்த்ததே இல்லை. பேர் தெரியாத குட்டி மீன்களும் சிங்கிறால்களும் அவற்றுக்கிடையே நிறைந்து மிதந்தன.

ஷஹீமா வலையால் ஒன்றை எடுத்துத் தளத்தில் கிடத்தினாள். குழாயை நிறுத்தச் சொன்னாள். அதற்குள் முக்கால் சதுரம் முடிந்திருந்தது.

"உயிரில்லாத தரை என்று எழுதிக் கொடுத்தீர்கள்" என்றாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கப்பல் கரை சேரும்வரை அந்த மீனின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு வேலை போகவுமில்லை. விதிப்படி எல்லாம் சரியாக நடந்ததாக விசாரணையில் தீர்ந்தது.

அதன் பிறகு மூன்று வள்ளங்களும் கடற்கரை மணலில் கிடந்தன. டன்ஸ்டன் குடும்பத்தோடு கொல்லம் போய்ப் பாசிப் பண்ணையில் கூலிக்குச் சேர்ந்தான். சூசை பீட்டர் எங்கேயும் போகவில்லை, யாரோடும் சீட்டாடவுமில்லை. அண்ணன் அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். ஏதாவது கேட்டால் மட்டும் பதில் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கப்பல்ல நீதான நின்ன" என்றார். "நான் சொல்லல, சரி. அவனுவ ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சிக்கிட்டு நான் எப்பிடிச் சொல்லுவேன். ஆனா ஒனக்குத் தெரிஞ்சு போச்சுல்ல. நீ சொல்லியிருக்கலாம்லா?"

எனக்கு எப்போது யார் அந்த இடத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியைத்தான் மூன்று மாதமாக மனசுக்குள் கூர் தீட்டி வைத்திருந்தேன். ஆனால் அண்ணன் மெலிந்துபோய், வேட்டி இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்தபடி நின்றார். அவரிடம் உண்மையைச் சொல்லத் தோன்றியது. ஷஹீமா இரண்டாம் முறை கேட்டபோது என் மனதில் இருந்தது வேலையும் இல்லை, பயமும் இல்லை, பத்தொன்பது நாடும் இல்லை. நான் வாயைத் திறந்தால் அது எங்கள் அண்ணனின் பார் என்று டன்ஸ்டனுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். டன்ஸ்டன் அந்தப் பாரின் மேலேயே நின்றுகொண்டிருந்தான். அப்படியும் அதைத்தான் நினைத்தேன்.

"டன்ஸ்டனுக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு நெனச்சிட்டேன் அண்ணே" என்றேன்.

அண்ணன் நழுவிய வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அது செரிதான்" என்றார்.